தரம் 6–9 கணித வீட்டுவேலை: விடையைச் சொல்லாமல் எப்படி உதவுவது?

மல்லாவி மாலைவகுப்பு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் கிழமை நாட்களில் பின்னேரம் 5 மணி தொடங்கி 6.30 வரை பிள்ளைகளை இருத்தி வீட்டுவேலை செய்விக்கிறோம். தரம் 6 தொடக்கம் 9 வரை 14 பிள்ளைகள். பார்க்கிறது இரண்டு பேர். கணக்குப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு எல்லாப் பாடத்துக்குமாகச் சேர்த்து 12 நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் கிடைக்கும்.

மற்றப் பாடங்களைச் சமாளிக்கலாம். கணிதம்தான் நேரத்தைத் தின்கிறது. பிள்ளை கொப்பியோடு வந்து "அக்கா, இது வருகுதில்லை" என்று நிற்கும். செய்து காட்டினால் தலையாட்டும். அடுத்த கணக்குக்கும் அதே மாதிரி வந்து நிற்கும். பின்னம், மறை எண், அட்சரகணிதம் மூன்றிலும் சிக்கல் கூட. தாய் தகப்பன் தாங்கள் படித்த முறையில் சொல்லிக் கொடுப்பதால் பிள்ளை குழம்புகிறது என்று பாடசாலைப் பக்கமிருந்தும் சொல்கிறார்கள்.

நாலைந்து நிமிடத்துக்குள் ஒரு பிள்ளையின் கொப்பியில் எதைப் பார்க்க வேண்டும்? கணிதம் படிப்பிக்கிற ஆட்கள் இருந்தால் சொல்லித் தாருங்கள்.

---

ஒட்டுசுட்டான் கணித ரீச்சர்:

தங்கச்சி, முதலில் செய்து காட்டுவதை நிறுத்துங்கள். பென்சில் பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும். நீங்கள் எழுதும்போது பிள்ளை பார்ப்பது உங்கள் கையை, கணக்கை அல்ல.

கொப்பியைக் கொண்டுவந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். "கேள்வி என்னத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுது?" "இதைப் போல ஒன்று இண்டைக்கு வகுப்பிலை செய்தனீங்களோ, எடுத்துக் காட்டு." "எந்த வரி வரைக்கும் சரி எண்டு நினைக்கிறாய்?" இதற்கு ஒரு நிமிடம் போதும். பாதிப் பிள்ளைகள் இரண்டாம் கேள்வியிலேயே தாங்களாகத் திரும்பிப் போய்விடுவார்கள். வகுப்பில் செய்த உதாரணத்தைப் பாராமல் நேரே பயிற்சிக்குப் போனதுதான் அவர்களுடைய சிக்கல். உதாரணத்தை ஒருமுறை வாசித்து, கையால் மறைத்து, தானே திரும்பச் செய்த பிறகுதான் பயிற்சியைத் தொட வேண்டும் என்று ஒரு சட்டம் போடுங்கள்.

மிச்சப் பிள்ளைகளிடம் மூன்றாம் கேள்விதான் வேலை செய்யும். பிழை எந்த வரியில் தொடங்கியது என்று தெரிந்தால் அதற்குக் கீழே உள்ள எதையும் நீங்கள் பார்க்கத் தேவையில்லை.

பின்னத்தை எடுங்கள். 2/3 + 1/4 க்கு 3/7 என்று எழுதியிருக்கும். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டது. "பிழை, பொ.ம.சி. (பொது மடங்குகளுட் சிறியது) எடு" என்று சொன்னால் பிள்ளை எடுக்கும், ஏன் எடுக்கிறோம் என்று விளங்காது, அடுத்த கிழமை மறுபடி 3/7 தான் வரும். அதற்குப் பதிலாக "2/3 அரைவாசியை விடக் கூடவோ குறையவோ?" என்று கேளுங்கள். கூட. "3/7?" ஏழில் அரைவாசி மூன்றரை, ஆகவே 3/7 அரைவாசிக்குக் குறைவு. அரைவாசிக்கு மேலே இருந்த ஒன்றோடு இன்னும் கொஞ்சம் கூட்ட, அது எப்படி அரைவாசிக்குக் கீழே இறங்கும்? பிள்ளை தானே அழிக்கும்.

பிறகு சதுரக் கோடு போட்ட கொப்பியில் 3 பெட்டி அகலம், 4 பெட்டி உயரத்துக்கு ஒரு செவ்வகம் கீறச் சொல்லுங்கள். மொத்தம் 12 பெட்டி. அதில் 2/3 என்றால் இரண்டு நிரல், 8 பெட்டி. 1/4 என்றால் ஒரு நிரை, 3 பெட்டி. கூட்டினால் 11 பெட்டி, விடை 11/12. எண்ணும்போது நிரலும் நிரையும் ஒன்றின் மேல் ஒன்று விழும், ஆகவே 8 ஐயும் 3 ஐயும் தனித்தனியாக எண்ண வேண்டும், இல்லாவிட்டால் 9 என்று வரும். 12 எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்த பிள்ளைக்குப் பொ.ம.சி. ஒரு மந்திரமாக இராது.

அடுத்தது மறை எண். −3 − 5 க்கு +8 என்று எழுதுவது தரம் 7, 8 இல் சர்வ சாதாரணம். காரணம் ஒன்றே ஒன்று: "மறையும் மறையும் சேர்ந்தால் நேர்" என்று பெருக்கலுக்குப் படித்ததைக் கூட்டல் கழித்தலுக்கும் போட்டுப் பார்க்கிறார்கள். அந்த வசனத்தை உங்கள் நிலையத்தில் ஒருவரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "பெருக்கினால், வகுத்தால்" என்ற சொல்லோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எண்கோட்டைக் கிடையாகக் கீறுவதை விட நிலைக்குத்தாகக் கீறினால் எங்கள் பிள்ளைகளுக்குக் கெதியாகப் பிடிபடும். ஒரு கிணறு. நில மட்டம் 0. தண்ணீர் 3 மீற்றர் கீழே நிற்கிறது, அது −3. கோடையில் இன்னும் 5 மீற்றர் இறங்கினால் −8. இதிலே +8 என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. ஆனால் −3 − (−5) க்குக் கிணற்றை இழுக்காதீர்கள், குழப்பிவிடும். அதற்கு வரிசையாக எழுதச் செய்யுங்கள்: −3 − 2 = −5; −3 − 1 = −4; −3 − 0 = −3. விடை ஒவ்வொன்றாக ஏறுகிறது. அடுத்தது −3 − (−1). ஏறுகிற வரிசைப்படி −2. அப்படியே போனால் −3 − (−5) = 2. பிள்ளை தன் கையால் எழுதிக் கண்டால் போதும்.

---

விசுவமடு அப்பா:

ரீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பிள்ளை தரம் 8 இல் இருக்கும், ஓட்டை தரம் 4, 5 இல் இருக்கும். முக்கியமாகப் பெருக்கல் வாய்ப்பாடு. பின்னம் விளங்கினாலும் 7×8 இல் இடறினால் விடை பிழைக்கும்; பிள்ளை தனக்குப் பின்னம் விளங்கவில்லை என்றே நினைக்கும்.

முழு வாய்ப்பாட்டையும் பாடமாக்க வைக்கத் தேவையில்லை. 1, 2, 3, 4, 5, 10 ஆம் வாய்ப்பாடுகள் அநேகமாக எல்லோருக்கும் வரும். தடுக்கிறது 6 தொடக்கம் 9 வரை உள்ளவை தங்களுக்குள் பெருகும் இடம். 6×7 ஐயும் 7×6 ஐயும் ஒன்றாக எடுத்தால் மொத்தம் பத்தே பத்துத்தான்: 6×6, 6×7, 6×8, 6×9, 7×7, 7×8, 7×9, 8×8, 8×9, 9×9. கலண்டர் மட்டையை வெட்டிப் பத்துத் துண்டில் எழுதி, தொடங்க முதல் 3 நிமிடம் ஆளுக்காள் கேட்கட்டும். வரிசையாகக் கேட்கக் கூடாது. கலைத்துக் கேட்க வேண்டும். வரிசையாகச் சொல்கிற பிள்ளை 8×7 என்று தனியாகக் கேட்டால் 8×1 இலிருந்து தொடங்கும்.

தரம் 5, 6 கணிதப் பாடநூல் இரண்டு மூன்று பிரதி நிலையத்தில் வைத்திருங்கள். மேல் வகுப்புக்குப் போன பிள்ளைகளிடம் பழையது கிடக்கும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் தமிழ் மொழிமூல நூல்களைத் தரவிறக்கலாம்.

---

மல்லாவி மாலைவகுப்பு:

ரீச்சருக்கும் அண்ணைக்கும் மிகவும் நன்றி. பத்து மட்டைகளும் இன்றே வெட்டியாயிற்று.

இன்றைய கொப்பிகளில் இருந்த மூன்றை அப்படியே போடுகிறேன். புத்தகத்தில் ஆங்கில எழுத்து இருக்கும். இங்கே தெரியாக் கணியத்துக்கு "ப" என்று போடுகிறேன்.

(அ) 2(ப + 3) = 2ப + 3
(ஆ) 3ப + 5 = 20 = 15 = 5
(இ) 1224 ÷ 12 = 12

(ஆ) வில் விடை 5 சரிதானே, அதை விட்டுவிடலாமா? இன்னொன்று: பிழையாக இருப்பதைத் திருத்தியே அனுப்ப வேண்டுமா, அல்லது பிழையோடு போக விடலாமா? எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து.

---

ஒட்டுசுட்டான் கணித ரீச்சர்:

(ஆ) வை விடவே கூடாது. மூன்றிலும் பாரதூரமானது அதுதான். 20 உம் 15 உம் 5 உம் சமன் என்று எழுதியிருக்கிறது. பிள்ளைக்கு "=" என்றால் "அடுத்தது வருகுது" என்று மட்டும் அர்த்தம். சமன்பாடு சிறிதாக இருக்கும் வரை விடை சரியாக வரும். இரண்டு பக்கமும் ப வந்த நாளில் எல்லாம் உடையும்.

மருந்து மிகச் சின்னது. ஒரு படிக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு ஒரு சமன் குறி, எல்லாச் சமன் குறியும் ஒன்றின் கீழ் ஒன்று. சதுரக் கொப்பியில் ஒரு நிரலைச் சமன் குறிக்கென்றே ஒதுக்கலாம்:

3ப + 5 = 20
3ப + 5 − 5 = 20 − 5
3ப = 15
ப = 5

கடைசியில் வாய்ப்புப் பார்க்க வேண்டும், அதாவது விடையைத் திரும்பப் போட்டுச் சரியோ என்று பார்க்க வேண்டும்: 3 × 5 + 5 = 20, சரி.

பெற்றோர் சொல்லிக் கொடுக்கிறது குழப்புது என்றீர்களே, அது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "அந்தப் பக்கம் கொண்டுபோனால் அடையாளம் மாறும்" என்று வீட்டில் சொல்வார்கள். +5 க்கு அது சரி வரும். பிறகு 3ப = 15 இல் 3 ஐயும் "கொண்டுபோய்" அடையாளம் மாற்றி ப = 15 − 3 = 12 என்று பிள்ளை எழுதும். பெற்றோரின் முறை பிழை என்று பிள்ளைக்கு முன்னால் சொல்லாதீர்கள். "இரண்டு பக்கமும் ஒன்றையே செய்கிறோம், அம்மா சொன்னது அதன் சுருக்கம்" என்று சொல்லி, இரண்டாம் வரியை ஒளிக்காமல் எழுதச் செய்யுங்கள்.

(அ) வுக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கப் பழக்குங்கள். ப = 2 என்றால் இடப்பக்கம் 2 × 5 = 10. வலப்பக்கம் 2 × 2 + 3 = 7. பொருந்தவில்லை. 2ப + 6 என்றால் 10, பொருந்துகிறது. இதற்கு 0, 1 இரண்டையும் எடுக்க வேண்டாம். 3ப + 2ப க்கு ப வர்க்கத்தின் 5 மடங்கு என்று எழுதுகிற பிள்ளை ப = 1 ஐப் போட்டால் இரண்டு பக்கமும் 5 வந்து பிழை ஒளிந்துகொள்ளும். ப = 2 என்றால் 10 உம் 20 உம் வந்து காட்டிக் கொடுக்கும்.

அடைப்புக்கு வெளியே மறைக் குறி வந்தால் கூடுதல் கவனம். 5(ப − 2) − 3(ப − 4) இல் கடைசி உறுப்பு +12. அநேகர் −12 என்று எழுதி 2ப − 22 இல் கொண்டுபோய் முடிப்பார்கள். சரியான விடை 2ப + 2. அடைப்பை நீக்க முன்னர் "−3" ஐ வட்டமிட்டு, அதிலிருந்து உள்ளே இரண்டு உறுப்புக்கும் இரண்டு அம்புக்குறி போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, "சுருக்குக" என்றால் கோவை, "தீர்க்க" என்றால் சமன்பாடு. சுருக்கச் சொன்ன 2ப + 6 ஐத் தானாக 0 க்குச் சமன்படுத்தி ப = −3 என்று எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே கேள்வியின் ஏவற் சொல்லுக்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள்.

(இ) இல் பூச்சியம் விழுந்துவிட்டது. 12 இல் 12 ஒரு தரம். அடுத்த 2 ஐ இறக்கினால் 12 போகாது, அங்கே 0 போட வேண்டும். பிறகு 4 ஐ இறக்க 24, இரண்டு தரம். 102. வகுக்கத் தொடங்க முதல் மட்டந்தட்டச் சொல்லுங்கள்: 1200 ÷ 12 = 100. விடை நூறை அண்டி வர வேண்டும் என்று ஓரத்தில் எழுதி வைத்த பிள்ளை 12 இல் நிற்காது.

---

கனகராயன்குளம்:

திருத்துவதா விடுவதா என்ற கேள்விக்கு: திருத்திச் சுத்தமாக்கி அனுப்பாதீர்கள். பாடசாலையில் ஒரு வகுப்பில் பத்துக் கொப்பியிலும் சரி விடை வந்தால், எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்றுதான் படிப்பிக்கிறவர் நினைப்பார், அடுத்த பாடத்துக்குப் போவார். பிள்ளை எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிவதற்கு வீட்டுவேலை ஒன்றுதான் வழி. ஒரு கணக்கோடு ஐந்து நிமிடம் மினக்கெட்டும் வராவிட்டால், தெரிந்த வரை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, அடுத்ததுக்குப் போகட்டும். அந்தக் கேள்விக்குறியை ஆசிரியர் காண வேண்டும்.

---

ஒட்டுசுட்டான் கணித ரீச்சர்:

பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். விளங்காததை விளங்காததாகவே அனுப்புவது சரி. ஆனால் ஒரே பிழையை எட்டுக் கணக்கிலும் செய்து முடிக்க விடக் கூடாது; எட்டுத் தரம் எழுதினால் அது பழகிவிடும், பிறகு கழற்றுவது கஷ்டம். முதல் இரண்டு கணக்கு முடிந்ததும் பார்த்துவிடுங்கள். பிழை என்றால் அழிறப்பர் வேண்டாம். பென்சிலால் ஒரு கோடு இழுத்து வெட்டி, கீழே திரும்பச் செய்யட்டும். வெட்டியதும் சரியானதும் ஒரே பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்கும் பயன், ஆசிரியருக்கும் பயன்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொரு கொப்பியையும் வரி வரியாகப் பார்க்க ஆசிரியருக்கு நேரம் இராது என்பதையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் கண்ணில் படுகிற பிழை சில வேளை வேறு யார் கண்ணிலும் படாது.

---

நில அளவைக்காரன்:

வசனக் கணக்குக்கும் அளவைக்கும் நான் கொஞ்சம் சொல்கிறேன். புத்தகம் ஹெக்டேயர், சதுர மீற்றரில் பேசும்; வீட்டில் ஏக்கர், பரப்பு, பேர்ச். இரண்டையும் பிள்ளை இரண்டு உலகமாக வைத்திருக்கும். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: 1 ஏக்கர் = 16 பரப்பு = 160 பேர்ச். 1 ஹெக்டேயர் = 10,000 சதுர மீற்றர், ஏறக்குறைய 2.47 ஏக்கர். பதினாறு பரப்பு என்பது பின்னத்துக்கு நல்ல வாய்ப்பு: 3/4 ஏக்கர் 12 பரப்பு, 5/8 ஏக்கர் 10 பரப்பு. விதைநெல் ஏக்கருக்கு 2 புசல் என்றால் மூன்றேகால் ஏக்கருக்கு எவ்வளவு? ஆறரைப் புசல். இதை வாயால் சொல்கிற பிள்ளை 3 1/4 × 2 என்று எழுதினால் முழிக்கும். முதலில் வாயால் சொல்லட்டும், பிறகு அதையே எழுதட்டும்.

பரப்பளவில் நிச்சயம் வரும் பிழை, 1 சதுர மீற்றர் = 100 சதுர சென்ரிமீற்றர் என்பது. நீளத்தில் 100, அகலத்தில் 100, ஆகவே 10,000. நிலையத்தின் சீமெந்துத் தரையில் சோக்கால் ஒரு மீற்றர்ச் சதுரம் கீறி, அதன் மூலையில் ஒரு சென்ரிமீற்றர்ச் சதுரம் கீறிக் காட்டுங்கள். கனவளவுக்குக் கூரையோரத்தில் நிற்கிற 1000 லீற்றர்த் தண்ணீர்த் தாங்கி போதும். அது சரியாக ஒரு கன மீற்றர் தண்ணீர் பிடிக்கும்.

நேரத்திலும் ஒன்று உண்டு. 2.5 மணித்தியாலத்தை 2 மணி 50 நிமிடம் என்று எழுதுவார்கள். தசமம் பத்தின் கூறு, மணித்தியாலம் அறுபதின் கூறு. 0.5 × 60 = 30.

வசனக் கணக்கில் எண்ணைக் கண்டவுடன் பெருக்கவோ வகுக்கவோ விடாதீர்கள். "6 பேர் 4 நாளில் வயலில் அருவி வெட்டி முடிப்பார்கள், 8 பேர் என்றால் எத்தனை நாள்?" முதலில் "நாள் கூடுமோ குறையுமோ?" என்று கேளுங்கள். ஆள் கூடினால் நாள் குறையும்; ஆகவே விடை 4 ஐ விடச் சின்னது. 6 × 4 = 24 ஆள்நாள், 24 ÷ 8 = 3 நாள். இந்தக் கேள்வியைக் கேளாத பிள்ளை நேர்விகிதமாக்கி ஐந்து நாளும் சொச்சமும் என்று கொண்டு வரும்.

---

மல்லாவி மாலைவகுப்பு:

எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறோம். கடைசியாக இரண்டு. பெரிய பிள்ளைகள் வீட்டில் போனால் படம் எடுத்து விடை தருகிற செயலியில் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறார்கள், வட்ஸ்அப்பிலும் விடை சுற்றுகிறது. இதை எப்படிக் கையாளுவது? மற்றது, கோணம் அளக்கிற கணக்கில் எல்லோருக்கும் விடை பிழைக்கிறது.

---

கனகராயன்குளம்:

போனை முழுதாகத் தடுக்க முடியாது. கொப்பியில் இருப்பதில் ஒரு கணக்கை எடுத்து, எண்ணை மட்டும் மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். 3ப + 5 = 20 என்று இருந்தால் 4ப + 7 = 31. தானாகச் செய்த பிள்ளை 6 என்று இரண்டு நிமிடத்தில் வரும். பார்த்தெழுதியது நிற்கும், அப்போது ஏசாமல் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குங்கள். பெரும்பாலும் சோம்பலை விட விளங்காமைதான் பார்த்தெழுத வைக்கிறது. விடை சரியோ என்று கடைசியில் ஒத்துப் பார்க்கப் போனைப் பாவித்தால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

---

ஒட்டுசுட்டான் கணித ரீச்சர்:

கோணத்துக்கு மூன்று இடத்தைப் பாருங்கள். பிளாஸ்ரிக் பாகைமானியின் அடி விளிம்பு பூச்சியக் கோடு அல்ல. பூச்சியக் கோடு விளிம்புக்குச் சில மில்லிமீற்றர் மேலே இருக்கும். பிள்ளைகள் விளிம்பைப் புயத்தில் வைப்பதால் இரண்டு மூன்று பாகை பிழைக்கும். நடுப் புள்ளி கோணத்தின் உச்சியில் சரியாக இருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். மூன்றாவது, அதில் இரண்டு அளவு வரிசை இருப்பதால் 50 ஐ 130 என்று வாசிப்பார்கள். அளக்க முதல் "கூர்ங்கோணமோ விரிகோணமோ?" என்று சொல்லிவிட்டு அளந்தால் அந்தப் பிழை நின்றுவிடும். புயம் கட்டையாக இருந்து அளவு வரிசையைத் தொடாவிட்டால் அடிமட்டத்தால் நீட்டிக் கீற வேண்டும், கண்ணால் மட்டுக்கட்டக் கூடாது.

கவராயத்தில் பென்சில் கூரும் ஊசி முனையும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும். திருகாணி தளர்ந்திருந்தால் வில் கீறும்போதே ஆரை மாறிவிடும். பிள்ளை செய்கை முறை பிழைத்துவிட்டது என்று நினைத்துக் கஷ்டப்படும். எழுத்துத் தேய்ந்த பாகைமானியும் கொம்பாஸ் பெட்டிகளில் நிறையக் கிடக்கும். எல்லோருக்கும் வாங்கத் தேவையில்லை; தெளிவான பாகைமானி ஐந்தும் இறுக்கமான கவராயம் மூன்றும் நிலையத்துக்கென்று வைத்துக்கொண்டால் 14 பேருக்கும் மாறி மாறிப் போதும்.